புதிய கணினியும் பழைய தொலைக்காட்சியும்: இணைப்புக்கு வேண்டிய சொற்கள்

மொழி பற்றிய பொழிவு வரிசையில் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வியப்புக்கு இடமில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். மாசாய் வட்டாரத்து வீடுகள் பலவற்றில் இன்றும் நன்றாக இயங்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியும், அதனருகே பெரிய ஒலிபெருக்கிகளோடு கூடிய பாட்டுப்பெட்டியும் உள்ளன. பிள்ளைகள் புதிய மடிக்கணினி வாங்கி வருகிறார்கள். பெயரப்பிள்ளையின் பிறந்தநாள் ஒளிப்பதிவைப் பெரிய திரையில் காணப் பெற்றோர் விரும்புகிறார்கள். "இது அதோடு பொருந்தாது" என்ற ஒரு சொல்லில் அவ்விருப்பம் முடிந்துவிடுகிறது. பிறகு பழைய பெட்டி குப்பைக்குச் செல்கிறது. புதியதற்குத் தவணை தொடங்குகிறது.

பெரும்பாலான வேளைகளில் "பொருந்தாது" என்பது உண்மையன்று. இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். முதலாவது, வடத்தில் ஓடுவது எவ்வகைக் குறிகை? இரண்டாவது, அது எங்கிருந்து எங்கே செல்கிறது? இவ்விரண்டையும் தெளிவாகக் கேட்பதற்குரிய சொற்கள் நம் வழக்கில் மங்கிக் கிடப்பதே தடையாக உள்ளது. எல்லாவற்றையும் 'வயர்' என்று சொல்பவர், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

1. இரு நாட்டு ஒளிபரப்பும் ஒரு பெட்டியும்

ஜொகூர் நீரிணையின் கரையோரம் அமைந்தது மாசாய் வட்டாரம். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர். இங்குள்ள வீட்டுக் கூரைகளின் அலைவாங்கிகள் நெடுங்காலம் இரு நாட்டு ஒளிபரப்பையும் பெற்றுவந்தன. சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளிலும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அன்று தொடங்கிய பழைய முறை ஒளிபரப்பு, சிங்கப்பூரில் 2019 சனவரித் தொடக்கத்திலும், மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளிலும் முற்றாக நிறுத்தப்பட்டது.

அன்றோடு பழைய பெட்டிகள் எல்லாம் இருண்டுவிட்டனவா? இல்லை. கைப்பிடி அளவுள்ள ஒரு சிறு பெட்டியை அலைவாங்கிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் வைத்தோம். குறைந்த வருமானமுடைய குடும்பங்கள் பலவற்றிற்கு அரசே அதனை இலவசமாக வழங்கிற்று. புதிய முறையில் வரும் குறிகையைப் பழைய முறைக்கு மாற்றித் தருவதே அதன் பணி. அதன் பின்புறத்திலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறமுடைய மூன்று செருகிகள் தொலைக்காட்சிக்குச் சென்றன. கணினியைப் பழைய பெட்டியோடு இணைப்பதும் இதே வேலைதான். ஆகவே, தம் வீட்டில் இதற்கான சான்று ஏற்கெனவே இருப்பதை அறியாமலேதான் பலர் "பொருந்தாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2. தொடரும் எண்ணும்

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாட்டை மொழியைக் கொண்டே விளக்கலாம். நாம் பேசும்போது எழும் ஒலி, இடையறாது ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரே ஒழுக்கு. 'அம்மா' என்று சொல்லும்போது அகரம் எங்கே முடிகிறது, மகரம் எங்கே தொடங்குகிறது என்று காற்றில் கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஆனால் எழுதும்போது அவ்வொழுக்கைத் தனித்தனி எழுத்துகளாகத் துண்டாக்குகிறோம். தொல்காப்பியம் தமிழின் ஒலிகளை முப்பது முதலெழுத்துகளும் மூன்று சார்பெழுத்துகளுமாக வரையறுத்தது. அவை ஒலிக்கும் காலத்தைக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் கொண்டு அளந்து, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று கணக்கிட்டது. தொடர்ந்து செல்வதை அளவிட்டு, எண்ணத்தக்க துண்டுகளாக்கும் சிந்தனை நமக்குப் புதியதன்று.

பழைய தொலைக்காட்சியின் குறிகை பேச்சைப் போன்றது. படத்தின் ஒளி கூடினால் மின்னழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். அது தொடர்முறை. கணினியின் குறிகை எழுத்தைப் போன்றது. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டு, எண்களின் வரிசையாக அனுப்பப்படுகிறது. ஒலியும் அவ்வாறே: இசைத்தட்டு எனப்படும் குறுந்தகட்டில் ஒரு நொடியின் ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது. மாத்திரையை விட மிக நுண்ணிய அளவு; ஆயினும் கொள்கை ஒன்றே.

எழுதப்பட்ட கடிதத்தை எழுத்தறியாத ஒருவரின் கையில் கொடுத்தால் அவருக்குப் பயனில்லை. யாராவது அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். பழைய தொலைக்காட்சி அத்தகையது. எண்களைப் படித்து, மின்னழுத்தமாக 'ஒலித்து'க் காட்டும் இடையாள் ஒருவர் அதற்கு வேண்டும். அந்த இடையாள்தான் மாற்றி.

இம்முறைகளுக்கு வழங்கும் பெயர்களைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் 'மின்னிலக்கம்' என்கிறார்கள். மலேசியாவில் 'இலக்கவியல்' என்கிறோம். தமிழ்நாட்டு நூல்களில் 'எண்மம்', 'எண்ணிமம்', 'எண்முறை' ஆகியவை காணப்படுகின்றன. மாசாயில் வாழ்பவர் முதலிரண்டையும் ஒரே மாலையில் கேட்க வாய்ப்புண்டு. எதனை ஏற்றாலும் குற்றமில்லை. ஆனால் இதற்கு எதிரான மற்றொரு முறைக்கும் ஒரு பெயர் நாவில் இருக்க வேண்டும். 'ஒப்புமை' என்ற சொல் அகராதியில் இருந்தும் வீட்டுப் பேச்சுக்குள் வரவில்லை. இக்கட்டுரையில் தொடர்முறை, எண்முறை என்ற இணையைக் கையாள்கிறேன். ஒன்றைச் சொல்லும்போதே மற்றது நினைவுக்கு வருவதே இத்தகைய இணையின் பயன்.

3. வடம் வேறு, மாற்றி வேறு

இனி செயலுக்கு வருவோம். புதிய கணினியின் பக்கவாட்டில் தட்டையான ஒரு துளை இருக்கும். அதற்கு எச்.டி.எம்.ஐ. என்று பெயர். அதன் வரையறை 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்டது. படமும் ஒலியும் எண்முறையில் அதன் வழியே செல்லும். பழைய தொலைக்காட்சியின் முன்புறமோ பின்புறமோ உள்ள மூன்று வட்டத் துளைகள் ஆர்.சி.ஏ. வகையைச் சேர்ந்தவை. 1930களில் இசைத்தட்டுக் கருவியை வானொலிப் பெட்டியோடு இணைப்பதற்காக அமெரிக்க நிறுவனம் ஒன்று கொணர்ந்த செருகி, அந்நிறுவனத்தின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. சில பெட்டிகளில் பச்சை, நீலம், சிவப்பு என மற்றொரு வரிசையும் உண்டு. அங்குள்ள சிவப்பு ஒலிக்குரியதன்று, படத்திற்குரியது. நிறத்தை மட்டும் பார்த்துச் செருகுவோர் தடுமாறும் இடம் இது.

கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ. செருகியும் மறுமுனையில் மூவண்ணச் செருகிகளும் கொண்ட வடம் ஒன்று மலிவாக விற்கப்படுகிறது. இருபுறமும் துளைகளில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் படம் வராது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் இத்தகைய வடத்தை வாங்கி வந்து, படம் வராததால் தம் தொலைக்காட்சி பழுதென்று முடிவுசெய்து, அதனை எடுத்துச்செல்ல ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார். பெட்டியில் பழுதேதும் இல்லை. வடத்தின் வழியே எண்கள் வந்துகொண்டிருந்தன. படித்துக் காட்டத்தான் யாருமில்லை. மாற்றி ஒன்றை இடையில் வைத்ததும் படம் தெரிந்தது.

வடம் என்பது கடத்துவது மட்டும். பொருத்தி என்பது செருகியின் வடிவத்தை மாற்றுவது மட்டும். மாற்றி என்பது குறிகையின் இயல்பையே மாற்றுவது. இம்மூன்றையும் வேறுபடுத்தும் எளிய அடையாளம் ஒன்றுண்டு. எச்.டி.எம்.ஐ. குறிகையைத் தொடர்முறைக்கு மாற்றும் இவ்வகைக் கருவிகள் வேலை செய்ய மின்சாரம் தேவை. ஆகவே அவற்றில் 5 வோல்ட் மின்சாரம் பெறுவதற்கான யு.எஸ்.பி. துளை பெரும்பாலும் இருக்கும். மின்னிணைப்பும் இல்லை, உள்ளே மின்சுற்றுக்கு இடமளிக்கும் பெட்டியும் இல்லை என்றால், கையில் இருப்பது வெறும் வடம்.

ஒலித்துளையோ மஞ்சள் துளையோ இல்லாமல், அலைவாங்கித் துளை மட்டுமே உடைய மிகப் பழைய தொலைக்காட்சியையும் கைவிட வேண்டியதில்லை. பழைய ஒளிநாடாப் பெட்டி வீட்டில் இருந்தால், மாற்றியிலிருந்து வரும் மூவண்ண வடத்தை அதன் உள்ளீட்டில் செருகி, அதன் அலைவாங்கி வெளியீட்டைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கலாம். முன்பு ஒளிநாடா பார்த்த அதே அலைவரிசையில் கணினியின் படம் தெரியும்.

4. எங்கிருந்து, எதற்கு

இரண்டாவது கேள்வி திசை பற்றியது. எண்முறையிலிருந்து தொடர்முறைக்கு மாற்றும் பெட்டியும், தொடர்முறையிலிருந்து எண்முறைக்கு மாற்றும் பெட்டியும் பார்வைக்கு இரட்டையர் போன்றவை. இரண்டிலும் ஒரு தட்டைத் துளையும் மூன்று வட்டத் துளைகளும் உள்ளன. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பழைய ஒளிநாடாப் பெட்டியைப் புதிய தொலைக்காட்சியோடு இணைப்பதற்கானது ஒன்று. புதிய கணினியைப் பழைய தொலைக்காட்சியோடு இணைப்பதற்கானது மற்றொன்று.

இங்கே தமிழ் இலக்கணம் நமக்குத் துணை நிற்கிறது. நீங்கும் இடத்தை ஐந்தாம் வேற்றுமையும், சென்று சேரும் இடத்தை நான்காம் வேற்றுமையும் உணர்த்தும். "எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு" என்று வேற்றுமை உருபுகளோடு கேட்டால் பிழை நேர வழியில்லை. "எச்.டி.எம்.ஐ. ஏ.வி. மாற்றி" என்று உருபுகளை விட்டுக் கேட்டால் பாதி வாய்ப்பு பிழைக்கே. பேச்சில் உருபு தொக்கி வருவது இயல்பு. கடையில் மட்டும் அது தொக்காமல் இருப்பது நலம். வாங்கியபின் சரிபார்க்கவும் வழியுண்டு. கணினிப் படத்தைப் பழைய தொலைக்காட்சிக்கு மாற்றும் பெட்டியில் பெரும்பாலும் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என்ற இரு நிலைகளுடைய சிறு விசை இருக்கும். எதிர்த்திசைப் பெட்டியில் 720, 1080 என்ற எண்களுடைய விசை இருக்கும்.

அவ்விசையை 'பால்' நிலையில் வைக்க வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும் கையாண்ட பழைய வண்ண ஒளிபரப்பு முறை அது: ஒரு படத்திற்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். விசை மாறியிருந்தால் படம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது உருளலாம். பெட்டி பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

உள்ளீடு, வெளியீடு என்ற சொற்கள் நமக்கு உண்டு. மலாய்மொழியிலும் 'மாசோக்', 'கெலுவார்' என்ற வினைகளிலிருந்தே இவற்றிற்கான சொற்களை ஆக்கியிருக்கிறார்கள். கட்டடங்களின் வாயில்களிலும் நெடுஞ்சாலைகளிலும் 'கெலுவார்' என்று எழுதியிருப்பதை நாளும் காண்கிறோம். அதே பொருள்தான் கருவியின் பின்புறத்திலும். கணினியின் வெளியீடு மாற்றியின் உள்ளீட்டிற்கும், மாற்றியின் வெளியீடு தொலைக்காட்சியின் உள்ளீட்டிற்கும் செல்ல வேண்டும். வெளியீட்டை வெளியீட்டோடு இணைத்தால், இருவர் ஒரே நேரத்தில் பேச, கேட்பவர் எவருமில்லாத நிலைதான்.

இணைத்தபின் தொலைக்காட்சியின் தொலையியக்கியில் 'ஏ.வி.' எனக் குறித்த பொத்தானை அழுத்த வேண்டும். கணினியில், விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு 'பி' என்ற விசையை அழுத்தினால், படத்தை இரு திரையிலும் காட்டுவதா, ஒன்றில் மட்டும் காட்டுவதா என்று கேட்கும். விடையைத் தேர்ந்தால் போதும்.

5. ஒலி

பலர் அஞ்சுவதற்கு மாறாக, பழைய பாட்டுப்பெட்டியோடு கணினியை இணைப்பது படத்தை இணைப்பதைவிட எளிது. கணினியில் காதணிபேசிக்கென உள்ள 3.5 மில்லிமீட்டர் துளையில் வரும் ஒலி ஏற்கெனவே தொடர்முறைக்கு மாற்றப்பட்டதாகும். மாற்றி கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இங்கு வெறும் வடமே போதும்: ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் செருகி, மறுமுனையில் சிவப்பும் வெள்ளையும்.

அவற்றை ஆம்ப்ளிபையரின் எந்தத் துளையில் செருகுவது என்பதில்தான் கருத்து வேண்டும். 'ஆக்ஸ்', 'டேப்', 'சி.டி.' என்று குறித்த உள்ளீடுகளில் எதுவும் தகும். 'டேப்' என்பதில் உள்ளீடு, வெளியீடு என இரண்டு இருக்கும். உள்ளீட்டையே தேர வேண்டும். 'போனோ' என்று குறித்ததில் செருகலாகாது. அது இசைத்தட்டின் ஊசிக்கு உரியது. தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். 'போனோ' உள்ளீடு அதனைத் தலைகீழாக்கி நிமிர்த்துவதோடு, ஊசியின் மெல்லிய குறிகையைப் பலமடங்கு பெருக்கவும் செய்கிறது. கணினியின் ஒலியை அங்கே கொடுத்தால் பாட்டு உறுமும். ஒலிபெருக்கி கெடவும் கூடும். முதலில் ஆம்ப்ளிபையரின் ஒலியளவைத் தாழ்த்தி வைத்து, கணினியின் அளவை முக்கால் பங்குக்கு உயர்த்தி, பிறகு ஆம்ப்ளிபையரை மெல்லக் கூட்டுவது முறை.

படத்திற்காக மாற்றி வாங்கியிருந்தால் மற்றொரு வழியும் உண்டு. மாற்றியிலிருந்து வரும் மஞ்சளைத் தொலைக்காட்சிக்கும், வெள்ளையையும் சிவப்பையும் ஆம்ப்ளிபையருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். படம் சிறு திரையில் வந்தாலும் ஒலி கூடம் நிறைய வரும். கணினியின் ஒலி அமைப்பில் எச்.டி.எம்.ஐ.யை வெளியீடாகத் தேர்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

சில வீடுகளில் இணைத்தவுடன் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்கும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், இரு கருவிகளின் நிலத்தொடர்புகளும் சேர்ந்து ஒரு வளையமாகியுள்ளன என்று பொருள். ஒலிவடத்தின் இடையில் வைக்கும் பிரிப்பான் ஒன்று கடைகளில் கிடைக்கும். அது இரைச்சலை நீக்கும். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்றுமுனைச் செருகியின் நிலமுனையைச் செயலிழக்கச் செய்வது உயிருக்கு ஆபத்து. அதுபோலவே, பழைய குழாய்த் தொலைக்காட்சியின் பின்மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கக்கூடும்.

6. புள்ளி இழந்த எழுத்து

எல்லாம் சரியாக இணைந்த பிறகும் ஒரு குறை தெரியும். ஒளிப்பதிவு நன்றாக இருக்கும், எழுத்து மங்கியிருக்கும். கணினித் திரையில் பொதுவாக 1080 வரிசைப் புள்ளிகள் உள்ளன. பழைய தொலைக்காட்சியின் 625 கோடுகளில் படம் ஏந்துபவை 576 மட்டுமே. மேலும், ஒளியும் நிறமும் மஞ்சள் வடம் ஒன்றிலேயே கலந்து செல்வதால் நுண்கோடுகள் கரைந்துவிடுகின்றன.

தமிழெழுத்தில் முதலில் மறைவது மெய்யின் புள்ளி. 'க்' என்பது 'க' ஆகத் தோன்றும். 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று மயங்கும். ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடவில்லை. படிப்போர் மொழியறிவால் அதனை நிரப்பிக்கொண்டனர். ஆனால் மருத்துவமனைக் குறிப்பையோ வங்கிக் கணக்கையோ ஊகித்துப் படிக்க முடியாது. ஆகவே கணினியில் எழுத்தின் அளவை இருமடங்காக்கிக் கொள்ளுதல் நன்று. பழைய பெட்டியைப் பாட்டுக்கும் படத்திற்கும் முகம் பார்த்துப் பேசுவதற்கும் பயன்படுத்தி, நீண்ட வாசிப்பைக் கணினியின் திரையிலேயே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

படத்தின் ஓரங்கள் திரைக்கு வெளியே மறைவதும், முகங்கள் நீண்டு மெலிந்து தோன்றுவதும் இயல்பே. புதிய படம் அகலம் 16, உயரம் 9 என்ற விகிதத்தது. பழைய பெட்டி 4க்கு 3. கணினியின் திரையளவை 1024க்கு 768 என்று அமைத்தால் முகங்கள் சீராகும். சந்தா செலுத்திப் பார்க்கும் சில திரைப்படங்கள் மட்டும், பதிப்புரிமைக் காப்பு முறையினால், மாற்றியின் வழியே தெரியாமல் போகலாம். குடும்பப் பதிவுகளுக்கு அத்தடை இல்லை.

அண்மைக் கணினிகள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளையே இல்லை, சிறு நீள்வட்டத் துளையாகிய யு.எஸ்.பி.-சி மட்டும் இருக்கும். இதனைப் பலபொருள் ஒருமொழிக்கு ஒப்பிடலாம். வடிவம் ஒன்று, ஆனால் சிலவற்றில் படம் வரும், சிலவற்றில் மின்சாரமும் கோப்புகளும் மட்டுமே வரும். சொல்லின் பொருளைச் சூழலால் அறிவதுபோல், துளையின் ஆற்றலைக் கணினியின் விளக்கக் குறிப்பைக் கொண்டே அறிய வேண்டும். பொருத்தியை வாங்கிய பிறகு அறிவது வீண்செலவு.

7. நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கினால் மூன்று இணைகள் நிற்கும். தொடர்முறை, எண்முறை என்பது ஓடும் குறிகையைப் பற்றியது. வடம், மாற்றி என்பது இடையில் வைக்கும் பொருளைப் பற்றியது. உள்ளீடு, வெளியீடு என்பது திசையைப் பற்றியது. இம்மூன்று இணைகளும் நாவில் இருந்தால், எழுபது வயதுடைய ஒருவர் கடைக்குத் தனியே சென்று வேண்டியதைக் கேட்டு வாங்கி வர முடியும். அவை இல்லையேல், பட்டம் பெற்றவரும் பிறர் சொல்லைக் கேட்டு நல்ல பெட்டியை எறிந்துவிட நேரும்.

கலைச்சொல்லாக்கம் என்றவுடன் அறிவியல் நூல்களையும் பாடநூல்களையும் மட்டும் நினைக்கிறோம். அடுக்களையை ஒட்டிய கூடத்தில், தொலைக்காட்சியின் பின்புறம் குனிந்து நிற்கும் முதியவருக்கும் கலைச்சொல் வேண்டும். அது அவர் வாயில் நுழைய வேண்டும். இணையிணையாக அமைந்து வேறுபாட்டை உணர்த்த வேண்டும். தமிழ், மலாய் ஆகிய இரு மொழிகளிலும் இந்தச் சொற்களை ஒரே தாளில் அச்சிட்டு, மாசாய் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வழங்கினால், அது மொழிப்பணியாகவும் இல்லப்பணியாகவும் ஒருங்கே அமையும். அப்பணியை மன்றத்தார் ஏற்றுச் செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.